ஒலி ஏறுகிறது, சொல் தேய்கிறது

ஆடி மாதத்து மாலை ஒன்றில் ஏதாவதொரு அம்மன் கோயில் தெருவில் சற்று நேரம் நின்று கேளுங்கள். மரக்கிளையிலும் கம்பத்திலும் கட்டப்பட்ட குழாய்களிலிருந்து ஓர் அறிவிப்பு வரும். கூழ் வார்ப்பது எத்தனை மணிக்கு, யாருடைய வண்டி வழியை மறித்து நிற்கிறது, எந்தக் குழந்தை பெற்றோரைப் பிரிந்து அழுதுகொண்டிருக்கிறது என ஏதோ ஒன்று சொல்லப்படுகிறது என்பது மட்டும் விளங்கும். காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குச் சத்தம் இருக்கும். ‘நீலச் சட்டை’ என்பதுவரை கேட்கும். குழந்தையின் பெயர் கேட்காது. அந்தக் குழந்தையின் தாய் அதே தெருவின் மறுமுனையில் நின்றிருக்கக் கூடும்.

‘குழாய் சரியில்லை’ அல்லது ‘மைக் செட்காரர் சரியில்லை’ என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். இருவருக்கும் நடுவில், மேடையின் அடியிலோ பந்தலின் மூலையிலோ, மேலே ஒரு துண்டு விரிக்கப்பட்டுக் கிடக்கும் பெட்டியை யாரும் நினைப்பதில்லை. அதுதான் ஆம்ப்ளிஃபயர். தமிழில் ‘ஒலிபெருக்கி’ என்ற பெயரைக் குழாய்க்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் கொடுத்துவிட்டோம். உண்மையில் பெருக்கும் வேலையைச் செய்வது மேடைக்கடியில் இருக்கும் பெட்டிதான். பெயர் தவறான ஆளுக்குப் போய்விட்டது. இங்கே அதைப் ‘பெருக்கி’ என்றே குறிப்பிடுகிறேன்.

ஒலிவாங்கியில் பேசும்போது அதிலிருந்து வெளிவருவது சில மில்லிவோல்ட் அளவுள்ள மின்குறிப்பு மட்டுமே. ஒரு குழாயை ஊர் கேட்க அதிரவைப்பதற்குப் பல பத்து வோல்ட் வேண்டும். இந்த வேறுபாட்டை ஈடுசெய்யும் பெருக்கி எதையும் தானாக உண்டாக்கிவிடுவதில்லை. மின்னிணைப்பிலிருந்து வரும் ஆற்றலை, பேசுபவரின் குரல் எப்படி ஏறி இறங்குகிறதோ அதே வடிவில் திறந்துவிடும் மதகு அது. மதகை எவ்வளவு உயர்த்தினாலும் ஏரியின் நீர்மட்டத்துக்கு மேல் வாய்க்காலில் நீர் ஓடாது. பெருக்கிக்கும் உள்ளே அப்படியொரு மட்டம் உண்டு. அதைத் தாண்டியும் குமிழைத் திருப்பினால், குரல் அலையின் உச்சிகள் கத்தரித்ததுபோல் தட்டையாகிவிடும். பெருக்கியின் முகப்பில் சிவப்பு விளக்கு மின்னுவது இதைத்தான் சொல்கிறது. பல ஊர்களில் அந்த விளக்கு மாலை முழுவதும் அணையாமல் எரிகிறது.

உச்சி வெட்டுப்பட்ட அலையால் இரண்டு கேடுகள். முதலாவது, சொல் தேய்கிறது. பேச்சில் ஆற்றல் பெரும்பாலும் உயிரொலிகளில் இருக்கிறது. பொருளைப் பிரித்துக் காட்டுவதோ மெய்யொலிகள். பழம், பணம், படம், பயம் ஆகிய நான்கையும் வேறுபடுத்துவது நடுவில் வரும் ஒரே ஒரு மெய். அது நொடியில் மிகச் சிறிய பகுதியே நீடிப்பது. உயிரொலியோடு ஒப்பிட மெலிந்தது. வெட்டுப்பட்ட உயிரொலியின் இரைச்சல் அந்த மெல்லிய ஒலியின்மேல் கவிந்துவிடுகிறது. மிச்சம் நிற்பது ‘ஆ’வும் ‘அம்’மும்தான்.

இரண்டாவது கேடு குழாய்க்கு. முழுமையாக வெட்டுப்பட்ட அலை, அதே உயரமுள்ள இயல்பான அலையைவிட இரண்டு மடங்கு ஆற்றலைச் சுமக்கிறது. அதோடு, மூலத்தில் இல்லாத உயர்சுருதி ஒலிகளும் அதில் முளைக்கின்றன. ஸ்பீக்கர் பெட்டியில் உயர்சுருதிக்கென இருக்கும் சிறிய பகுதியின் கம்பிச்சுருள் முடிபோல் மெல்லியது; அது சூடாகிக் கருகுகிறது. ‘பெரிய ஸ்பீக்கர், சின்ன ஆம்ப்ளிஃபயர், எப்படி எரிந்தது?’ என்று வாடகைக்காரர்கள் வியப்பதுண்டு. பெருக்கி சிறியதாக இருந்து, அதன் வரம்புக்கு மேல் விரட்டப்பட்டதுதான் எரிந்ததற்குக் காரணம்.

‘அப்படியானால் பெரிய பெருக்கி வாங்கிவிடலாமே’ என்று விழாக்குழு யோசிக்கும். வாட் கணக்கு நம் காதை ஏமாற்றும் இடம் இது. 250 வாட் பெருக்கிக்குப் பதில் 500 வாட் வைத்தால் ஒலி இரட்டிப்பாகும் என்று நினைக்கிறோம். கூடுவது 3 டெசிபல். கூர்ந்து கேட்டால்தான் தெரியும் அளவு. ஒலி இரண்டு மடங்கு ஆனதாகக் காதுக்குத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. மாறாக, திறந்த வெளியில் கேட்பவருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையிலுள்ள தொலைவைப் பாதியாகக் குறைத்தால் 6 டெசிபல் கிடைத்துவிடும், ஒரு ரூபாய்ச் செலவில்லாமல். மேடையோரம் இரண்டு ராட்சதப் பெட்டிகளை அடுக்கி முன்வரிசைக் குழந்தைகளின் காதைப் பிளப்பதைவிட, பந்தலின் நடுவில் இரண்டு சிறிய பெட்டிகளைக் கூடுதலாக வைப்பது நல்லது.

ஆனால் தெரு நெடுகக் குழாய் கட்டுவது வேறு கதை. ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர்தான் போகும். கம்பியில் மின்குறிப்போ கண நேரத்தில் போய்விடும். 300 மீட்டர் நீளத் தெருவில் ஒரே வரிசையாகக் குழாய்களைக் கட்டி எல்லாவற்றையும் ஒரே பெருக்கியில் இணைத்தால், தெருமுனையில் நிற்பவருக்கு அருகிலுள்ள குழாயின் சொல் உடனே கேட்கும். அடுத்த குழாயினுடையது கால் நொடி கழித்து, கடைசிக் குழாயினுடையது ஏறக்குறைய ஒரு நொடி கழித்து வந்து சேரும். ஒரு சொல்லின்மேல் அடுத்த சொல் ஏறி அமர்ந்துகொள்ளும். ஒலியைக் கூட்டினால் தொலைவிலுள்ள குழாய்களும் சேர்ந்தே கூடுவதால் குழப்பம்தான் பெருகும். குறைக்க வேண்டும், ஒவ்வொரு குழாயும் தன் கீழே நிற்பவருக்கு மட்டும் பேசும் அளவுக்குக் குறைத்தால் பெயர் கேட்கும். போதாக்குறைக்கு, நம் ஊர்ப் பெருக்கிகள் பலவற்றில் ‘எக்கோ’ என்றொரு குமிழ் இருக்கிறது. பாட்டுக் கச்சேரிக்கு வைத்த அதைக் காணாமல்போன குழந்தையின் பெயரை அறிவிக்கும்போதும் திருகி வைத்திருப்பவர்களை என்ன சொல்வது!

பெருக்கியின் பின்புறத்தைப் பார்த்தவர்கள் குறைவு. பொதுக்கூட்டங்களுக்கான பெருக்கியில் அங்கே 4 ஓம், 8 ஓம், 16 ஓம், 70 வோல்ட், 100 வோல்ட் என்று முனைகள் வரிசையாக இருக்கும். பக்கத்தில் ஒரு பொது முனை. பெருக்கி ஆயுள் முடியும் முன்பே சாவது பெரும்பாலும் இந்த இடத்தில் நடக்கும் பிழையால்தான். 8 ஓம் குழாய் இரண்டைப் பக்கவாட்டில் இணைத்தால் சுமை 4 ஓம் ஆகும். நான்கை இணைத்தால் 2 ஓம். ஓம் குறையக் குறைய, பெருக்கியிலிருந்து உறிஞ்சப்படும் மின்னோட்டம் கூடும். 4 ஓமுக்குக் கீழே தாங்காத பெருக்கியில் ‘இன்னும் ரெண்டு குழாய் போடப்பா’ என்று சேர்த்துக்கொண்டே போனால், வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் கொதித்து ஒருநாள் குறுக்கிணைப்பாகிவிடும். அப்போது குரலுக்குப் பதில் நேர்மின்னோட்டம் குழாய்க்குள் பாய்ந்து அதையும் கூடவே கொண்டுபோகும்.

நீளமான கம்பியும் ஒரு சுமைதான். மெல்லிய 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை 50 மீட்டர் இழுத்தால், போக வரச் சேர்த்து அதன் தடை சுமார் 4 ஓம் வரும். மறுமுனையில் 4 ஓம் சுமை இருந்தால், ஆற்றலில் பாதி கம்பியைச் சூடாக்குவதிலேயே தீர்ந்துவிடும். 100 வோல்ட் முனை இதற்காகவே இருக்கிறது. 250 வாட்டை 4 ஓம் சுமைக்கு அனுப்ப ஏறத்தாழ 8 ஆம்பியர் ஓட வேண்டும். 100 வோல்ட்டில் அனுப்பினால் இரண்டரை ஆம்பியர் போதும். கம்பியில் இழப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. மின்வாரியம் உயர் அழுத்தத்தில் மின்சாரம் அனுப்புவதும் இதே கணக்கில்தான். இம்முறையில் ஒவ்வொரு குழாயிலும் ஒரு சிறு மின்மாற்றி இருக்க வேண்டும். எத்தனை ஓம் என்ற கவலை போய், எல்லாக் குழாய்களின் வாட்டையும் கூட்டிப் பார்த்தால் போதும் என்றாகிவிடும். கூட்டுத்தொகை பெருக்கியின் திறனில் ஐந்தில் நான்கு பங்குக்குள் நின்றால் நல்லது. மின்மாற்றி இல்லாத 8 ஓம் குழாயை அறியாமல் 100 வோல்ட் முனையில் செருகினால், கணக்குப்படி அது 1,250 வாட் கேட்கும். குழாய் போகுமா, பெருக்கி போகுமா என்பது அன்றைய அதிர்ஷ்டம். இன்னொன்று: 100 வோல்ட் என்பது தொட்டால் அதிரும் மின்னழுத்தம். நனைந்த வேப்பமரக் கிளையில் அந்தக் கம்பியின் இணைப்பை மேல்தோல் சுற்றாமல் முறுக்கிவிட்டுப் போவது, குழந்தைகள் நடமாடும் இடத்தில் செய்யத்தக்க செயலில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒலிவாங்கியிலேயே இருக்கிறது. கம்பி இணைத்த ஒலிவாங்கியின் உலோக உடல், கம்பியின் வெளிச்சுற்று வழியாகப் பெருக்கியின் உலோகக் கூட்டோடு இணைந்தது. பெருக்கியின் உள்ளே மின்காப்பு பழுதாகி, அந்தக் கூட்டின்மேல் 230 வோல்ட் ஏறிவிட்டால், அது ஒலிவாங்கிக்கும் வந்துவிடும். மூன்று முனை பிளக்கின் பெரிய முனையான எர்த் சரியாக இருந்தால், கசிவு மண்ணுக்குள் இறங்கிவிடும். ஃபியூஸ் எரிந்து பெருக்கி அணையும். எர்த் இல்லாவிட்டால், பேசுபவரின் உடல்தான் எர்த். கோயில் வளாகத்தில் செருப்பில்லாமல் நிற்கிறோம். அபிஷேக நீரும் கூழும் சிந்திய கல்தரை. வியர்த்த கை. மின்சாரத்துக்கு இதைவிட வசதியான பாதை வேண்டியதில்லை.

ஃபியூஸ் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள முடியாது. ஃபியூஸ் கம்பிகளையும் கருவியையும் காப்பாற்ற வைக்கப்பட்டது. 5 ஆம்பியர் ஃபியூஸ் எரிவதற்கு வேண்டிய மின்னோட்டத்தில் மிகச் சிறிய பங்கே மனித இதயத்தின் துடிப்பைக் குலைக்கப் போதும். உயிரைக் காப்பதற்கென இருப்பது, வெளியே போகும் மின்னோட்டத்துக்கும் திரும்பி வருவதற்கும் 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு கண்டாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவி. 30 மில்லி ஆம்பியர் என்பது பழைய 100 வாட் குண்டு பல்பு இழுக்கும் மின்னோட்டத்தில் பதினான்கில் ஒரு பங்கு. பந்தல் அலங்காரத்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இதன் விலை ஒரு பொருட்டில்லை. ஆனாலும், பந்தலில் தற்காலிகமாக அடிக்கப்படும் மின்பலகைகளில் இதைத் தேடிப் பார்த்தால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும்.

எர்த் முனை தற்செயலாக விடுபட்டுப் போவதும் உண்டு. வேண்டுமென்றே வெட்டப்படுவதும் உண்டு. இரண்டாவதைத்தான் விளக்கியாக வேண்டும். மேடையில் ஒலிக்கலவைக் கருவி ஓரிடத்திலும் பெருக்கி வேறிடத்திலும் மின்சாரம் எடுக்கும்போது, இரண்டு எர்த் பாதைகளும் ஒலிக்கம்பியும் சேர்ந்து ஒரு வளையமாகிவிடும். அதில் மின்னிணைப்பின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு புகுந்து ‘ம்ம்ம்’ என்று இரையும். பிளக்கின் எர்த் முனையைக் கழற்றினால் இரைச்சல் மாயமாக மறைந்துவிடும். வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால், மறைந்தது இரைச்சலோடு சேர்ந்து பாதுகாப்பும்தான். சரியான வழி, இரண்டு கருவிகளுக்கும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுப்பது. அது முடியாதபோது ஒலிக்கம்பியின் நடுவில் ஒலிக்கான தனிமைப்படுத்தும் மின்மாற்றியைச் சேர்ப்பது. ஒரே மேடையில் ஒலிக்கு ஒரு ஃபேஸ், இசைக்கருவிகளுக்கு இன்னொரு ஃபேஸ் என்று எடுப்பது மேலும் ஆபத்து. இரண்டு ஃபேஸ்களுக்கு இடையில் சுமார் 400 வோல்ட் நிற்கும். கிதார் கம்பியில் கையும் ஒலிவாங்கியில் உதடுமாக நிற்கும் பாடகருக்கு அந்த எண்ணைப் பற்றி யாரும் சொல்வதில்லை. ஜெனரேட்டர் வைத்தால் அதற்கென எர்த் கம்பியைத் தரையில் இறக்கியாக வேண்டும்.

பராமரிப்பு என்று பார்த்தால் பெருக்கி கேட்பது அதிகமில்லை. வழக்கமான வகைப் பெருக்கிகள் எடுக்கும் மின்சாரத்தில் கணிசமான பங்கை வெப்பமாகவே வெளிவிடுகின்றன. அந்த வெப்பம் வெளியேற மேலும் பக்கவாட்டிலும் ஒரு சாண் இடம் வேண்டும். மேலே துண்டு, துண்டின்மேல் பூத்தட்டு, அதன்மேல் நன்கொடை ரசீதுப் புத்தகம் என்று அடுக்கினால் அது எங்கே மூச்சுவிடும்? உள்ளே இருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடும்தோறும் ஏறக்குறையப் பாதியாகிறது என்பது மின்னணுத் துறையின் கணக்கு. தகரக் கொட்டகையில் வெயில் காலம் முழுவதும் கிடக்கும் பெருக்கி, பயன்படாமலே கிழடாகிவிடுகிறது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை, மின்னிணைப்பை நீக்கி, காற்றூதியால் தூசியையும் பல்லி முட்டைகளையும் வெளியேற்ற வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். மூடியைத் திறப்பது தெரிந்தவர் வேலை. குமிழைத் திருப்பும்போது கரகரத்தால், அதற்கென விற்கும் கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் விட்டால் ஒரு வாரம் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு தூசியைக் கூட்டிச் சேர்க்கும். எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாக செம்புக் கம்பியைச் சுற்றுவது, காவலாளி தூங்குகிறார் என்று கதவையே கழற்றிவிடுவதற்கு ஒப்பு. கைபேசியில் பாட்டுப் போடுவதானால் அதற்குரிய ‘ஆக்ஸ்’ துளையில் செருக வேண்டும். மில்லிவோல்ட்டுக்கென அமைந்த மைக் துளையில் செருகினால் தொடக்கத்திலேயே அலை வெட்டுப்பட்டுவிடும். குமிழ்களை இறக்கி வைத்துவிட்டு, பெருக்கியைக் கடைசியில் போட்டு முதலில் அணைப்பது குழாய்களின் ஆயுளுக்கு நல்லது.

மேடையில் ‘கீய்ங்’ என்று ஊளையிடுவது பழுதில்லை. ஒலிவாங்கி தன் குரலையே ஒலிபெருக்கியிலிருந்து மறுபடி கேட்டுச் சுழலுகிறது. ஒலிபெருக்கிகள் ஒலிவாங்கிக்கு முன்னால், மக்களை நோக்கி இருக்க வேண்டும். பேசாதவர்களின் ஒலிவாங்கிகளை மூடி வைக்க வேண்டும். திறந்திருக்கும் எண்ணிக்கை இரட்டிக்கும்போது 3 டெசிபல் ஒலியை இழக்கிறோம். ஊளையிடும்போது ஒலிவாங்கியின் தலையைக் கையால் பொத்துவது பேச்சாளர்களின் அனிச்சைச் செயல். அது ஊளையைக் கூட்டத்தான் செய்யும், ஏனெனில் பின்பக்க ஒலியை விலக்கும் துளைகள் அப்போது அடைபட்டுவிடுகின்றன.

இனிச் சட்டம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, ஒலிபெருக்கிக்கு எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 மணிவரை பொதுவெளியில் கூடாது. ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் விழாக்களுக்காக நள்ளிரவுவரை தளர்த்தும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. பொது இடத்தின் எல்லையில் ஒலி, அப்பகுதிக்கான வரம்பைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இரண்டில் எது குறைவோ அதற்குள் நிற்க வேண்டும். குடியிருப்புப் பகுதியின் பகல் வரம்பு 55 என்பதால், அங்கே உச்சம் 65தான். சென்னை கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி வழக்கில் அதே 2000-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பிறர் அமைதியைக் குலைத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று தெளிவுபடுத்தியது. எல்லா மதத்தாருக்கும் கட்சியினருக்கும் இது தெரியும்.

எண்களை ஒப்பிட்டால் இடைவெளி புரியும். 1 வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 105 டெசிபல் தரும் சாதாரணக் குழாய் ஒன்றை 30 வாட்டில் அலறவிட்டால், எட்டு மீட்டர் தள்ளியுள்ள மாடி ஜன்னலில் ஏறத்தாழ 102 டெசிபல் இருக்கும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் 85 டெசிபலுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. 3 டெசிபல் கூடும்தோறும் நேரம் பாதியாக வேண்டும். 102 டெசிபலுக்கு அந்தக் கணக்கில் பத்து நிமிடம்கூடக் கிடைக்காது. விழாவோ பத்து நாள். அந்த ஜன்னலுக்குப் பின்னால் தொட்டிலில் ஒரு கைக்குழந்தை இருக்கலாம். படுக்கையில் ஒரு முதியவர் இருக்கலாம்.

குமிழில் கை வைத்திருப்பவரை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. அன்றாடக் கூலிக்கு வந்த இளைஞரிடம் ‘இன்னும் கூட்டு’ என்று சொல்பவர்கள் விழாக்குழுவினரும் மேடையில் இருப்பவர்களும். மறுத்தால் அடுத்த ஆண்டு வாடகை வேறு ஒருவருக்குப் போகும். மேலும், அவரை உட்கார வைக்கும் இடம் பெரும்பாலும் மேடையின் பின்புறம் அல்லது பக்கவாட்டு. மக்களுக்கு என்ன கேட்கிறது என்பது அவருக்குக் கேட்கவே கேட்காது. சிவப்பு விளக்கும் தலைவர்களின் கையசைவும்தான் அவருக்குத் தெரிகின்றன. அவரது மேசையைக் கூட்டத்தின் நடுவில் போட்டுக் கொடுக்கலாம். நிகழ்ச்சிக்கு முன் ஒருவரை ஒலிவாங்கியின் முன் நிறுத்தி, ஊரில் உள்ள பத்துப் பெயர்களைச் சாதாரணக் குரலில் படிக்கச் சொல்லிவிட்டு, அமைப்பாளர் கடைசி வரிசைவரை நடந்து போய், கேட்ட பெயர்களைத் தாளில் எழுதிப் பார்க்கலாம். ஒன்பது பெயர்கள் சரியாக வந்துவிட்டால் குமிழை அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். வராவிட்டால், குமிழைத் தொடாமல் முதலில் குழாய்களின் திசையையும் எக்கோவையும் பார்க்க வேண்டும். போகிற போக்கில், மின்பலகையின் எர்த் கம்பி எங்கே போய் முடிகிறது என்றும் குனிந்து பார்த்துவிடலாம்.